மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்காக எங்கள் ஊர் கஃபர் தீனாவில் கல்யாணமே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. லத்தீன்காரக் கத்தோலிக்கர்கள் கட்டிக்கொண்டார்கள், ஆர்த்தடாக்ஸ்காரர்கள் கட்டிக்கொண்டார்கள், கீழத்தெரு முஸ்லிம்கள் வருஷத்துக்குப் பத்துப் பந்தல் போட்டார்கள். எங்கள் ஆங்கிலிக்கன் சபையில்தான் ஆள் இல்லை. இருந்த பதினொரு வீட்டில் ஆறு வீடு மித்ரியின் வகையறா. அந்த ஆறு வீடும் ஒரே நாளில் எழுந்து வெளியே போய்விட்டது. மீதி ஐந்து வீட்டில் கல்யாண வயதில் இருந்தவள் கத்தாஸின் ஒரே மகள் நுஹா மட்டும்தான்.

கத்தாஸ் மித்ரியின் கூடப்பிறந்த தம்பி. சண்டையே அவர்கள் இரண்டு பேருக்குள்தான்.

மித்ரி இருபது வருஷம் சபை மூப்பனாக இருந்தான். நான் அவனுக்கு இரண்டு வயது மூத்தவள், அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன். ஜெபப் புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த நாளுக்கு எந்தச் சங்கீதம், எந்தத் திருநாளுக்கு எந்த நிறத் துணி என்று அவனைக் கேட்டுத்தான் போதகர்களே தெரிந்துகொள்வார்கள். தெரியாமல் செய்தால் ஆராதனையின் நடுவிலேயே எழுந்து திருத்துவான். இரண்டு போதகர்கள் மாற்றல் கேட்டு ஓடியதற்கு இவன்தான் காரணம் என்று ஊரே சொல்லும். கடைசியில் வருஷாந்தரக் கூட்டத்தில் மூப்பன் பதவிக்கு, சபையில் வேறு குடும்பத்தானான தவ்ஃபீக் அவனை எதிர்த்து நின்றான். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து, கத்தாஸின் கை மட்டும் பாக்கி இருந்தது. கத்தாஸ் தவ்ஃபீக்குக்குத் தூக்கினான்.

"எங்க அண்ணன் நல்லவன்தான். ஆனா கோயில் அவன் வீட்டுக் கொல்லை இல்ல" என்று இன்றைக்கும் சொல்வான். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன லாபம், கோயிலில் பாதி பெஞ்சு காலி. தங்கியிருந்து பார்க்கப் போதகரும் இல்லை. இர்பித் நகரத்திலிருந்து போதகர் நயீம் மாதத்துக்கு இரண்டு தரம் பழைய கார் ஒன்றில் வந்து, பதினான்கு பேருக்குப் பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். நான் ஆர்கன் வாசிப்பேன். வாசிப்பது என்பது பெரிய வார்த்தை, எனக்கு ஒன்பது பாட்டுத் தெரியும்.

இந்த நிலையில்தான் நுஹாவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஷஃபீக், இர்பித்துப் பையன், குவைத்தில் கரண்டு வேலை. கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் நாற்பது பேர் கார்களில் வந்து இறங்கினார்கள். முறைப்படி அவர்களில் மூத்தவர் முன்னால் காபியை வைத்தார்கள். அவர் தொடாமல், வந்த விஷயத்தைச் சொன்னார். பெண்வீட்டு மூத்தவன் 'குடிங்க' என்று சொன்னால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் அவர் கோப்பையை எடுப்பார். கஃபர் தீனாவில் இது தெரியாத பூனைக்குட்டி கூடக் கிடையாது. அன்றைக்குக் கத்தாஸ் வீட்டில் 'குடிங்க' என்று சொன்னவன் தவ்ஃபீக்.

அண்ணன் உயிரோடு, இருநூறு அடி தள்ளி, தன் வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் ஜன்னலிலிருந்து இரண்டு பேரையும் பார்த்தேன். கத்தாஸின் மனைவி வதாத்துக்கு அன்றைக்கு ஆரம்பித்த கலக்கம் பிறகு நிற்கவே இல்லை.

அக்டோபர் வந்தது. முதல் மழை பெய்து தூசியைக் கழுவிக்கொடுத்தது, ஒலிவ மரங்களில் கை வைக்கலாம் என்று ஆனது. கல்யாணம் இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை. மாப்பிள்ளை நவம்பர் ஐந்தாம் தேதி விமானம் ஏறியாக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் வேலை போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் லீவு கொடுத்திருந்தார்கள். ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். போதகர் நயீம் அதற்காகவே வாராவாரம் வர ஒப்புக்கொண்டார். நாலாம் தேதி முதல் ஓலை. பதினொன்றாம் தேதி இரண்டாம் ஓலை. இரண்டு தடவையும் 'தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள்' என்று அவர் கேட்டபோது வதாத் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. பதினெட்டாம் தேதி மூன்றாவது மட்டும் பாக்கி.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கத்தாஸின் மலைச்சரிவில் பறித்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு நான், எனக்கு அவர்கள், எப்போதும் அப்படித்தான். மரத்தடியில் விரிப்பை இழுத்துப் போட்டு, கத்தாஸ் ஏணியில், நுஹா உள்கிளையில், நானும் வதாத்தும் தாழ்ந்த கிளைகளில் உருவிப் போட்டுக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு ரொட்டியும் வெங்காயமும் புது எண்ணெயும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது வதாத் ரொட்டியைப் பிய்த்தவள் பிய்த்தபடியே இருந்தாள்.

"நஜ்லாக்கா, அங்க பாருங்க."

சரிவுக்கு மேலே மித்ரியும் அவன் மனைவி ஜலீலாவும் இருந்த வீடு. மாடிக் கொடியில் ஒரு கறுப்புக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"கோட்டு. அதுக்கென்ன?"

"அது கோயில் கோட்டு. செத்த வீட்டுக்குத் தவிர ஆறு வருஷமா எடுக்கல. இப்ப யாரு செத்தா?"

"பூச்சி அரிச்சிருக்கும். வெயில்ல போட்டிருப்பா ஜலீலா."

"மூணாவது ஓலைக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பூச்சி அரிக்குமா?"

ஏணியின் மேலிருந்து கத்தாஸ் பேசினான். "வரட்டுமே. கோயில் கதவு பூட்டியா கிடக்கு?"

"வந்து எந்திரிச்சு நின்னா?"

"நின்னா நிக்கட்டும். கால் வலிச்சா உக்காருவான்."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. அந்தப் பையன் அஞ்சாம் தேதி போகணும். ஓலை நின்னுச்சுன்னா கல்யாணம் நின்னுச்சு. அவங்க அம்மா ஏற்கெனவே, இந்த ஊர்ல சண்டைக்காரங்கன்னு சொல்லிட்டு இருக்கா."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? போய் அவன் கால்ல விழணுமா?"

"கால்ல விழச் சொன்னேனா? கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களுக்கு அண்ணன் இல்லையா?"

"கூட்டத்துல கை தூக்குன அன்னைலருந்து இல்ல. அவன் சொன்னதுதான், நான் சொன்னதில்ல."

நுஹா கிளைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, கல்யாணம் எனக்கு. நான் போய்ப் பெரியப்பாகிட்ட சொல்லிட்டு வரட்டுமா?"

"நீ வாயை மூடு. பொண்ணே போய்க் கேட்டான்னு அதுக்கும் சேத்து ஊர் பேசும்."

அன்றைக்கு நாலு மூட்டை பறித்தோம். வதாத்தின் கூடையில் பாதி இலை.

சனிக்கிழமை மத்தியானம் கத்தாஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போனான். வரிசை நீளம், சாயங்காலம் வரைக்கும் வரமாட்டான். அவன் வண்டி திரும்பி மறைந்த கையோடு வதாத் என் கதவைத் தட்டினாள். கையில் புது எண்ணெய் ஒரு தகரம்.

"என்கூட வாங்க அக்கா. நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா பக்கத்துல இருங்க."

மித்ரி வீட்டு மேடு செங்குத்து. வெயில் வேறு. எண்ணெய்த் தகரத்தை என்னிடம் கொடுக்கவும் மாட்டேன் என்றாள். நாங்கள் போனபோது மித்ரி முற்றத்தில் உட்கார்ந்து ஊறுகாய்க்குப் பச்சை ஒலிவக்காயைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"வா வதாத். வாங்க நஜ்லாக்கா. உள்ள வாங்க."

உள்ளே கதவுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு இஸ்திரி போட்டுத் தொங்கியது. மித்ரி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான், மீசையைத் தடவிக்கொண்டான். காய் எப்படி, எண்ணெய் எப்படி, இன்னொரு மழை வருமா என்று நாலு வார்த்தை. ஜலீலா காபி கொண்டுவந்து எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். வைத்துவிட்டு அவளும் போகாமல் சுவரோரம் நின்றாள். அந்த வீடே கேட்கத் தயாராக இருந்தது.

வதாத் கோப்பையை எடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை மிதித்திருக்கலாம், தொடையைக் கிள்ளியிருக்கலாம், ஒன்றும் செய்யவில்லை. என் கோப்பை தொடாமல் இருந்தது. அவள் கோப்பை காலியாக இருந்தது. மித்ரி காலிக் கோப்பையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். காரியத்தோடு வந்தவள் காபியைக் குடிக்கமாட்டாள். குடித்தால் காரியம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"சும்மா பாக்கத்தான் வந்தியா. நல்லது" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அத்தான், நான் வந்து…"

"ஜலீலா, இன்னொரு கோப்பை ஊத்து. காபி குடிக்க வந்திருக்காங்க."

மேட்டிலிருந்து இறங்கும்போது வதாத் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க குடிக்கலையே அக்கா. ஏன் என்னைத் தடுக்கல?"

"உன் கை முந்திருச்சு."

"தொண்டை காஞ்சு போச்சு. அந்த மேட்டுல ஏறி வந்ததுல பேச்சே வரமாட்டேன்னுச்சு. கொஞ்சம் நனைச்சுக்கிட்டுப் பேசலாம்னு நெனச்சேன்."

"சரி விடு."

"அவமானப்படுத்தணும்னே வந்தேன்னு நெனச்சிருப்பாரோ?"

"அப்படியெல்லாம் நினைக்கமாட்டான்" என்றேன். அப்படித்தான் நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். கத்தாஸிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அந்த முடிவும் தப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டமாக இருந்தது. மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் இர்பித்திலிருந்து வந்திருந்தார்கள், மூன்றாம் ஓலையைக் காதால் கேட்டுவிட்டுப் போக. எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஆர்கன் முன்னால் இருப்பதால் உள்ளே வரும் எல்லோரையும் நான் பார்ப்பேன். முதல் பாட்டின் மூன்றாவது அடியில் கதவு திறந்தது.

மித்ரி கறுப்புக் கோட்டில் வந்தான். அவனுக்குப் பின்னால் ஜலீலா. அவளுக்குப் பின்னால் இரண்டு மகன்கள், மருமகள்கள், இடுப்பில் குழந்தைகள், பிறகு அவனுடைய பெரியப்பா மகன்கள், அவர்கள் வீட்டுக்காரிகள். ஆறு வீடும் வந்தது. ஆறு வருஷம் காலியாகக் கிடந்த பழைய பெஞ்சுகளில், யார் எங்கே உட்கார்வார்களோ அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். என் விரல் வழுக்கி வேறு பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

போதகர் நயீமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்ன வயது, ஊருக்கும் புதுசு, பாவம். கோயில் நிறைந்ததற்காக ஒரு ஜெபம் சேர்த்துச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அதற்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. நிறைந்த கோயிலைப் பார்த்து இப்படி நடுங்கிய சபை வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. வதாத் இரண்டு கையாலும் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் முழுக்க ஒலிவக் கறை.

இரண்டாம் வாசகம் முடிந்தது. போதகர் தாளை எடுத்தார்.

"கஃபர் தீனா சபையைச் சேர்ந்த கத்தாஸின் குமாரத்தி நுஹாவும், இர்பித் சபையைச் சேர்ந்த ஷஃபீக்கும் விவாகம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இது மூன்றாம் ஓலை. இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள்."

மித்ரி எழுந்து நின்றான்.

போதகர் புரியாமல் சிரித்தார். "ஐயா, இதுக்கு எந்திரிக்க வேண்டாம். உக்காருங்க."

"தெரியும். தடை இருக்கு, அதான் எந்திரிச்சேன்."

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ வாயைப் பொத்தினார்கள். போதகரின் முகம் வெளுத்தது. "என்ன தடை? மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா? ரத்த உறவா?"

"மாப்பிள்ளையைப் பத்தி எனக்கு என்ன தெரியும். எனக்கு யாரு காட்டினா?" மித்ரி கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினான். "அந்தப் பொண்ணு எங்க அப்பனுக்குப் பேத்தி. அவளைக் கேட்டு நாப்பது பேர் என் வாசலைத் தாண்டிப் போனாங்க. 'குடிங்க'ன்னு பதில் சொன்னது தவ்ஃபீக். எங்க அப்பனுக்குத் தவ்ஃபீக்னு ஒரு மகன் இருந்தானா? இருந்தான்னா சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

தவ்ஃபீக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். கத்தாஸ் எழுந்துவிட்டான்.

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"நீதான் எனக்குத் தம்பியே இல்லன்னு சொன்னே."

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். அதை ஆறு வருஷம் புடிச்சுக்கிட்டு இருக்க நீ யாரு? நேத்து உன் பொண்டாட்டி வந்தா. வாயில பதிலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ காபியைக் குடிச்சுட்டா."

கோயில் முழுக்க ஒரு மூச்சு இழுத்த சத்தம். அத்தனை தலையும் இடப்பக்கம் திரும்பியது. கத்தாஸும் திரும்பினான்.

"நீ போனியா?"

"போனேன்" என்று வதாத் எழுந்தாள். "உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், நீங்க ஏணியை விட்டு எறங்கல. நான் போனேன். அத்தான், மேடு ஏறி வந்ததுல தொண்டை காஞ்சுபோச்சு, பயம் வேற. புத்தி கெட்டுக் குடிச்சுட்டேன். காபிதான் உள்ள போச்சு. கேக்க வந்தது இங்கயே நிக்குது. ராத்திரி பூரா நின்னுச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "என் தாகத்துக்கு என் மகளைத் தண்டிக்காதீங்க."

மித்ரி அவள் பக்கம் திரும்பினான். "உன் மேல குத்தம் இல்ல வதாத். நீ வந்தே. வரவேண்டியவன் வரல."

கத்தாஸின் கழுத்து சிவந்திருந்தது. "அன்னைக்குக் கை தூக்கினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். அது சரின்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன்."

"கையைப் பத்தி யாரு கேட்டா? பொண்ணைப் பத்திக் கேளு."

கத்தாஸ் நின்றான். எனக்கு அவனைக் குழந்தையிலிருந்து தெரியும், வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்கு அவன் அப்படித் திணறி நான் பார்த்ததில்லை. பெஞ்சை விட்டு நடுப்பாதைக்கு வந்தான்.

"அண்ணே" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜலீலா முகத்தை மூடிக்கொண்டாள். "நுஹாவை இந்தப் பையனுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?"

உடனே சொல்லியிருக்கலாம். மித்ரி அப்படிப்பட்டவன் இல்லை. "எங்க, பையன் எந்திரி பாப்போம்" என்றான். ஷஃபீக் எழுந்தான்.

"குவைத்துல கோயிலுக்குப் போவியா?"

"போவேன் பெரியப்பா. அங்க வெள்ளிக்கிழமை ஆராதனை."

"வெள்ளிக்கிழமை" என்று மித்ரி மூக்கைச் சுளித்தான். "சரி, அது உன் தப்பில்ல. நுஹா, உனக்குச் சம்மதந்தானா?"

"சம்மதம் பெரியப்பா" என்றாள், அழுதுகொண்டே.

"அப்பக் குடு" என்றான் தம்பியிடம். போதகரிடம் திரும்பி, "தடை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பெண்கள் பக்கத்தில் யாரோ குலவை எடுக்க வாயைத் திறந்துவிட்டு, கோயில் என்று நினைவு வந்து மூடிக்கொண்டாள். வதாத் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஆனால் போதகர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், கையில் புத்தகத்தைப் புரட்டியபடி. அந்த மனிதனுக்குப் பொய் சொல்ல வராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

"எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனா சபையில எந்திரிச்சுத் தடைன்னு சொல்லியாச்சு. இந்த ஓலை செல்லாது. முதல்லருந்து மூணு தடவை வாசிக்கணும். நான் என் இஷ்டத்துக்கு விட முடியாது."

"இருபத்தஞ்சு, ஒண்ணு, எட்டு" என்று மாப்பிள்ளையின் அம்மா விரல் விட்டுச் சொன்னாள். "எட்டாம் தேதி. இவன் அஞ்சாம் தேதி பறக்கணும். நான் அப்பவே சொன்னேன் இந்த ஊர் வேண்டாம்னு."

கத்தாஸ் நடுப்பாதையில் நின்றபடியே அண்ணனைப் பார்த்தான். "இதுக்குத்தான் கோட்டு போட்டுட்டு வந்தியா? என்னைக் கேக்க வச்சுட்டு, கல்யாணத்தையும் நிறுத்தவா?"

வதாத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிடைத்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தையும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது அது. என்ன சொல்லி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மித்ரி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான். "ஐயா, ஞாயித்துக்கிழமைன்னு மட்டுமா போட்டிருக்கு? கையில இருக்கறது புதுப் புத்தகம். அலமாரியில பழசு இருக்கு. அதுல பாருங்க."

தவ்ஃபீக் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தான். போதகர் பக்கம் தேடி, விரலை வைத்து, மெதுவாக வாசித்தார். "மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலோ, திருநாட்களிலோ, ஆராதனை வேளையில்…"

"வர்ற புதன்கிழமை தாண்டி அடுத்த புதன் இருபத்தெட்டாம் தேதி. சீமோன் யூதா அப்போஸ்தலர் திருநாள்" என்றான் மித்ரி. "இருபத்தஞ்சு ஞாயிறு ஒண்ணு. இருபத்தெட்டு புதன் ரெண்டு. ஒண்ணாந்தேதி ஞாயிறு மூணு. மூணாந்தேதி கல்யாணத்தை வச்சுக்கிட்டு அஞ்சாந்தேதி பையன் பறக்கட்டும்."

மூன்று தேதியும் அவன் வாயில் தயாராக இருந்தது. முந்தின நாளே எண்ணி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். கத்தாஸுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், கண்ணை எடுத்துக்கொண்டான்.

போதகர் தயங்கினார். "பழைய புத்தகம் இன்னும் செல்லும்தான். பேராயர்கிட்டயும் கேட்டுக்கிறேன். ஆனா ஆராதனைன்னா சபை வேணும். ஒலிவ பறிக்கிற நேரத்துல, புதன்கிழமை யாரு வருவா? நாலு பேரை வச்சுக்கிட்டு வாசிச்சுட்டு, நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆளுக்கு நான் பொறுப்பு" என்றான் மித்ரி. "மூணு தடவையும் நான் வருவேன். வேற எவனும் எந்திரிச்சுடக் கூடாதுல்ல."

கல்யாணம் மூன்றாம் தேதி நடந்தது, மாப்பிள்ளை ஐந்தாம் தேதி பறந்தான், அதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு அந்தப் புதன்கிழமைதான் மனதில் நிற்கிறது.

காலை பத்து மணி. நல்ல வெயில், பறிக்க அருமையான நாள். எண்ணெய் ஆலைக்காரன் கஃபர் தீனாவுக்கு என்ன வந்தது என்று திட்டினானாம். பதினொரு வீடும் மலையிலிருந்து நேராக வந்திருந்தது, முட்டி வரைக்கும் மண், தலையில் இலைத் துணுக்கு. வேடிக்கை பார்க்க லத்தீன்காரர்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள். வதாத் முந்தின இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. மித்ரியை நம்பலாமா என்று காலையில் என்னிடம் மூன்று தரம் கேட்டாள். நம்பலாம் என்று மூன்று தரமும் சொன்னேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

போதகர் நயீம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

மித்ரி எழுந்தான்.

வதாத்தின் வாயிலிருந்து 'ஐயோ' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. போதகர் தாளைக் கீழே இறக்கினார். மித்ரி அவரைப் பார்க்கவே இல்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தான். தன் மகன்களை ஒவ்வொருவனாகப் பார்த்தான். பெரியப்பா மகன்களைப் பார்த்தான். தவ்ஃபீக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பின்னால் நின்ற லத்தீன்காரர்களைப் பார்த்தான். இர்பித்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தபோது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு முகமாகப் போய், கடைசியில் தம்பியிடம் வந்து நின்றான். ஒருவரும் இருமக்கூட இல்லை.

"ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல ஐயா" என்றான். "மேல வாசிங்க."